மறுரூபமும் மாற்றமும்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லுறவு

வேண்டுதலாலும் மறைநூல் வாசிப்பாலும் மனிதன் உள்ளூர மாறுகிறான் என்பது கிறித்தவ வாழ்வின் அடிப்படைக் கருத்து. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதனைத் தாங்கி நிற்கும் வினை 'மெட்டமார்ஃபோ'. இது மத்தேயு 17:2, மாற்கு 9:2, உரோமையர் 12:2, 2 கொரிந்தியர் 3:18 ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே வருகிறது. முதலிரண்டும் மலைமீது இயேசு ஒளிர்ந்ததைக் கூறுவன. பின்னிரண்டும் நம்பிக்கையாளரின் மாற்றத்தைக் கூறுவன.

என்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த பழைய திருப்புதல் நான்கிடத்தும் 'மறுரூபம்' என்னும் சொல்லையே ஆள்கிறது. இதனால் மலைக்காட்சியைப் படித்தவர், உரோமையருக்கு எழுதிய மடலில் அதே சொல்லைக் காணும்போது, தமக்கும் அம்மாற்றம் உரியது என உணர்கிறார். கொரிந்தியர் பகுதியிலோ மறைநூல் வாசிப்பின்மேல் கிடந்த முக்காடு நீங்கியபின் இம்மாற்றம் நிகழ்கிறது. லூக்கா இவ்வினையை ஆளவில்லை; எனினும் இயேசு வேண்டிக்கொண்டிருக்கையிலேயே அவர் முகம் மாறியதாகக் கூறுபவர் அவர் ஒருவரே. அங்கும் பழைய திருப்புதல் 'முகரூபம்' என எழுதி, மூலத்தில் இல்லாத சொல்லொற்றுமையைத் தமிழில் தோற்றுவிக்கிறது.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் எளிமையை நாடுகிறது. மத்தேயுவில் 'தோற்றம் மாறினார்' என்றும், உரோமையரில் 'மாற்றம் அடைவதாக' என்றும் பெயர்க்கிறது. பின்னதில் ஓர் இலக்கண நயம் உண்டு. மூலத்தில் உள்ளது செயப்பாட்டுவினை ஏவல். மாற்றுபவர் இறைவன், மாறுபவர் மனிதர். 'மறுரூபமாகுங்கள்' என்னும் ஏவல், அதனைத் தன்முயற்சியால் ஆவதுபோல் ஒலிக்கச் செய்கிறது. வியங்கோளோ ஏற்கும் நிலையை உணர்த்துகிறது. ஆயினும் 'தோற்றம்' புறத்தையே சுட்டும். 'மாற்றம்' எதற்கும் பொருந்தும் பொதுச்சொல். மலைக்கும் மனத்துக்கும் இடையிலிருந்த சொல்லுறவு இவ்வாறு அறுபடுகிறது.

தனித்தொடரின் தெளிவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பு, நூல் முழுவதும் ஓடும் இத்தகைய இழையைத் தவறவிடும். மறைநூலை நாள்தோறும் ஓதுவோர் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இணைத்தே பொருள் கொள்கின்றனர். அவர்களுக்கு இது சிறிய இழப்பன்று. வடசொல்லைத் தவிர்ப்பது நோக்கமாயின் 'உருமாற்றம்' இருக்கிறது. அதனை நான்கிடத்தும் ஆண்டு, உரோமையரில் வியங்கோளையும் காத்தால், பழைய திருப்புதலின் தொடர்ச்சியும் புதியதன் இலக்கணச் செம்மையும் ஒருங்கே அமையும்.