அரை ஓர்க்கின் வம்சாவளி

டோல்கீனின் நாவலில் பாதி எல்ஃபான எல்ராண்ட் ரிவெண்டெல்லின் தலைவர்; ஓர்க் என்ற கொடிய இனமும் மனிதரும் கலந்து பிறந்த அரை ஓர்க்குகளோ தீய மந்திரவாதி சாருமானின் அடியாட்கள். 1978-இல் ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்கும் ஆட்டத்தின் ஆட்டக்காரர் கையேடு இந்த ஏற்றத்தாழ்வை எண்களாகவே எழுதிவைத்தது: அரை ஓர்க்குக்கு வலிமையும் உடலுறுதியும் தலா ஒரு புள்ளி கூடும், கவர்ச்சி இரண்டு குறையும். பிரபுக் குடும்பத்து அரை ஓர்க்காக ஆடுவது இந்தக் கணக்கோடு நேராக மோதும் வழக்கம். அதனால்தான் அது எனக்குப் பிடிக்கிறது.

அந்த ஆட்டத்தின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பிரபுப் பின்னணியைத் தேர்ந்தவருக்கு நல்ல உடுப்பு, முத்திரை மோதிரம், 25 பொற்காசுகளோடு ஒரு வம்சாவளிச் சுருளும் கிடைக்கும். அந்தச் சுருளை உண்மையாகவே நிரப்ப உட்கார்ந்தால் கதை பிறந்துவிடும். ஓர்க் பாட்டியை மணந்தது யார்? சீதனம் எந்தப் பக்கத்திலிருந்து போனது? நிலத்துக்கு உரிமை கொண்டாடும் சித்தப்பா என்ன சொல்கிறார்? அரை ஓர்க்கின் பிறப்பென்றாலே போர்க்கால வன்கொடுமை என்று பழகிப்போன இடத்தில் திருமணமும் சொத்துரிமையும் வருகின்றன. இது சின்ன ஆதாயம் இல்லை.

ஆனால் பலர் சுருளை நிரப்புவதே இல்லை. ஓர்க்குகள் எல்லாரும் காட்டுமிராண்டிகள், என் பாத்திரம் மட்டும் பண்பானவர் என்று முடித்துக்கொள்கிறார்கள். பழைய இழிவு அப்படியே நிற்க, ஒருவருக்கு மட்டும் விலக்கு. இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. ஓர்க் ரத்தம் தாழ்ந்தது என்பதை மறுக்கும் அதே ஆட்டக்காரர், பிரபு ரத்தம் உயர்ந்தது என்பதைக் கேள்வி கேட்காமல் ஏற்கிறார். விதிகளும் அதற்கு உடந்தை: 2014 பதிப்பில் மிரட்டும் திறமை அரை ஓர்க்குக்குப் பிறப்பிலேயே வந்துவிடும், பேசி இணங்கவைக்கும் திறமையைப் பிரபுப் பின்னணிதான் தரும்.

கீத் பேக்கர் உருவாக்கி 2004-இல் இதே ஆட்டத்துக்காக வெளியான எபெரான் என்ற கற்பனை உலகம் இதைவிட நன்றாக யோசித்திருக்கிறது. அங்குள்ள தராஷ்க் குடும்பத்தில் மனிதரும் அரை ஓர்க்குகளும் சமமாக அங்கம் வகிக்கிறார்கள். டோர்ன், வெல்டெரான், ஆஷ்டா என்ற மூன்று குலங்கள் சேர்ந்தது அது. தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றலைத் தரும் மாயக்குறி இரு சாராரின் உடலிலும் தோன்றும். டிராகன் படிகங்களைத் தேடி எடுப்பது, தலைக்கு விலை வைக்கப்பட்டவர்களைப் பிடிப்பது என்று செல்வத்துக்கு ஒரு தொழில் இருக்கிறது. பணம் எவ்வளவு சேர்ந்தாலும் மாயக்குறிக் குடும்பத்தார் பிரபுப் பட்டம் பெற, அந்த உலகத்தின் கோர்த் ஆணைகள் என்ற சட்டங்கள் தடை போடுகின்றன. குறியும் ரத்தவழியில்தான் வருகிறது என்பது குறையே. ஆனாலும் செல்வாக்கு எங்கிருந்து வந்தது, பட்டத்தை யார் மறுக்கிறார்கள் என்ற கேள்விகள் இங்கே ஆட்டத்துக்குள்ளேயே எழுகின்றன.

2024 கையேட்டில் திறன் புள்ளிகள் பிறப்பை விட்டுப் பின்னணிக்கு மாறின. சரியான முடிவு. அதே கையேட்டில் ஓர்க் இருக்கிறது, அரை ஓர்க் இல்லை. கலப்புக் குடும்பங்களை எப்படி எழுதுவது என்று கற்றுத்தர வேண்டிய இடத்தில் அவர்களின் பெயரையே எடுத்துவிட்டது எனக்கு உடன்பாடில்லை.