யாருடைய இசை தேசிய இசை?
இந்தியத் தேசிய திரைப்பட விருதுகள் பற்றிச் சில குறிப்புகள்

இந்தியத் தேசிய திரைப்பட விருதுகள் அறிவிக்கப்படும் வேளைகளில் ஒரு முறைப்பாடு தவறாது எழுவதுண்டு. இசைக்கான விருதுகளில் இந்திப் படங்களுக்கே முதன்மை கிடைக்கிறது, பிராந்திய மொழிகள் புறக்கணிக்கப்படுகின்றன என்பதே அது. தமிழில் இதனைக் கூறுவோர் எம். எஸ். விஸ்வநாதனைச் சான்று காட்டுவர். பல தசாப்தங்களாகத் தமிழ்த் திரையிசையின் போக்கினை நிர்ணயித்த அவருக்குச் சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது ஒருமுறையேனும் கிடைக்கவில்லை. இம்முறைப்பாட்டில் நியாயமே இல்லை என எவரும் கூறார். ஆயினும் அதனை ஏற்பதற்கு முன்னர் விருதுப் பட்டியலை வரலாற்று அடிப்படையில் நோக்குதல் அவசியமாகும்.

இந்திய அரசு 1954இல் திரைப்பட விருதுகளை வழங்கத் தொடங்கியபோது இசையமைப்புக்கு அவற்றில் இடமிருக்கவில்லை. 1967ஆம் ஆண்டுப் படங்களுக்கே அவ்விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. இத்தாமதத்தை அக்காலத்து அரச பண்பாட்டுக் கொள்கையோடு இணைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்களை இரசனைக் கேடாகவே கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்குக் கடுங்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. சாஸ்திரிய இசைக்கே முதன்மை அளிக்கப்பட்டது. அதன் விளைவை நாம் அறிவோம். இந்தியாவின் கோடிக்கணக்கான மக்கள் தமது பாடல்களைக் கேட்பதற்கு இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். மக்கள் விரும்பிய இசையும் அரசு மதித்த இசையும் வெவ்வேறாக இருந்தன என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

பின்னர் வழங்கப்பட்ட விருதுகளை மொழிவாரியாக எண்ணுவோமாயின் முறைப்பாட்டாளர் எதிர்பார்க்கும் விடை கிடைப்பதில்லை. முதலாவது விருதே கே. வி. மகாதேவன் இசையமைத்த ‘கந்தன் கருணை’ என்ற தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது. சிறந்த பின்னணிப் பாடகியருக்கான விருதை 1968இல் பி. சுசீலாவும் 1969இல் கே. பி. சுந்தராம்பாளும் தமிழ்ப் பாடல்களுக்காகவே பெற்றனர். இளையராஜா பெற்ற ஐந்து விருதுகளில் ஒன்றேனும் இந்திப் படத்துக்கு உரியதன்று. ஏ. ஆர். ரகுமான் பெற்ற ஏழில் ஐந்து தமிழ்ப் படங்களுக்கு உரியவை. எனவே பிராந்தியம் புறக்கணிக்கப்பட்டது என்ற வாய்பாடு முழு உண்மையைக் கூறவில்லை. பிராந்தியத்தின் எந்த இசை ஏற்கப்பட்டது என்பதே எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

1990ஆம் ஆண்டுக்கு முன்னர் இசையமைப்புக்காக விருதுபெற்ற தென்னிந்தியப் படங்கள் சிலவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். ‘கந்தன் கருணை’ புராணப் படம். 1979ஆம் ஆண்டு விருதைப் பெற்ற ‘சங்கராபரணம்’ கர்நாடக இசை வித்துவான் ஒருவரின் கதை. 1982இல் ‘மேகசந்தேசம்’ சாஸ்திரிய மெட்டுகளால் அறியப்பட்டது. 1983இல் ‘சாகர சங்கமம்’ செவ்வியல் நடனக் கலைஞன் ஒருவனின் வீழ்ச்சியைச் சொன்னது. 1985இல் ‘சிந்து பைரவி’, 1988இல் ‘ருத்ரவீணை’ ஆகிய இரண்டிலும் கர்நாடக சங்கீத வித்துவானே மையப் பாத்திரம். 1986இல் ‘மத்வாச்சாரியா’ சமய ஞானி ஒருவரின் வரலாறு. இவ்வொற்றுமை தற்செயலானது எனக் கொள்ளுதல் கடினம். தென்னகம் தேசிய அரங்கினுள் நுழைவதற்குக் கோயில் வாயிலும் சபா வாயிலுமே பெரும்பாலும் திறந்திருந்தன. திரையிசையைக் கலையாக ஏற்கத் தயங்கிய அதே அரசு, அது சாஸ்திரியத்தின் சாயலை ஏற்றபோது மட்டும் மனமிசைந்தது எனலாம்.

இளையராஜாவின் வரலாறு இதனை மேலும் தெளிவுபடுத்தும். தமையனார் பாவலர் வரதராஜனுடன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடித் திரிந்தவர் அவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாகத் தமிழ்க் கிராமத்து மெட்டுகளைத் திரையின் மையத்துக்குக் கொணர்ந்தார். அம்மாற்றத்துக்குத் தேசிய விருது கிடைக்கவில்லை. அவரது முதல் மூன்று விருதுகளும் செவ்வியற் கலைஞரைப் பற்றிய படங்களுக்கே வழங்கப்பட்டன. ‘சிந்து பைரவி’யில் இம்முரண்பாடு கதையினுள்ளேயே அமைந்துள்ளது. கச்சேரி மேடையில் மக்களுக்கு விளங்கும் தமிழ்ப் பாடல் ஏன் ஒலிக்கக்கூடாது என வினவும் பெண், நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாடல் ஒன்றைப் பாடிக் காட்டுகிறாள். அப்பாடல் இறுதியில் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றில் சென்று சங்கமிக்கிறது. சபையின் கரகோஷம் எழுகிறது. கே. எஸ். சித்ராவுக்கு முதல் தேசிய விருதைத் தந்த பாடல் இதுவே. அதன் கலைச்சிறப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயின் நாட்டார் இசை தன் தகுதியை நிறுவுவதற்குக் கீர்த்தனையாக நிறைவெய்த வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. அசாமியத் தேயிலைத் தோட்டப் பின்னணியில் அமைந்த ‘சமேலி மேம்சாப்’ படத்துக்காகப் பூபேன் ஹசாரிகா 1975இல் விருதுபெற்றார். அடுத்த இரு ஆண்டுகளிலும் கன்னடக் கலைப்படங்களுக்காக பி. வி. காரந்த் பெற்றார். 1992இல் ‘ரோஜா’ விருதுபெற்றபோது பிறிதொரு வாயிலும் திறந்துகொண்டது. அது அகில இந்தியச் சந்தை. கரகாட்டக் குழுவினரின் வாழ்வைக் கூறும் ‘தாரை தப்பட்டை’ 2015ஆம் ஆண்டுக்கான விருதைப் பெற்றமை குறிப்பிடத்தக்கதாயினும், அது பின்னணி இசைக்கே வழங்கப்பட்டது.

இப்பின்னணியிலேயே 2022 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ஒரு விருதை மதிப்பிட வேண்டும். ‘ஐயப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்தில் தம் இருளர் மொழியில் பாடிய அட்டப்பாடி ஆதிவாசிப் பெண் நஞ்சியம்மா சிறந்த பின்னணிப் பாடகியாகத் தெரிவானார். உடனடியாக எதிர்ப்பும் கிளம்பியது. சுருதி சேர்த்துப் பாடும் பயிற்சி அவருக்கு உண்டா என்றும், இசைக்கே வாழ்வை ஒப்படைத்தோருக்கு இது அவமதிப்பன்றோ என்றும் வினவப்பட்டது. ஈழத்து வாசகருக்கு இக்குரல் புதியதன்று. 1960களின் தொடக்கத்தில், உழைக்கும் மக்களின் பேச்சு மொழியைப் படைப்பிலக்கியத்தில் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரை ‘இழிசனர் வழக்கு’ எனப் பழித்த மரபுவாதிகளின் குரலே அது. அன்று இலக்கணம் காவலனாக நிறுத்தப்பட்டது. இன்று சுருதி நிறுத்தப்படுகிறது. பயிற்சி பெறுவதற்கான ஓய்வும் வசதியும் எவ்வர்க்கத்துக்கு, எச்சாதிக்கு வாய்த்தன என்ற வினா இரு சந்தர்ப்பங்களிலும் மறைக்கப்படுகிறது. நஞ்சியம்மாவின் இசை பயிற்சியற்றதும் அன்று. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் அளித்த பயிற்சி அது. சான்றிதழ் மட்டுமே அதற்கில்லை.

இன்று ஐந்து பிராந்தியக் குழுக்களும் ஒரு மத்திய குழுவும் கொண்ட தெரிவுமுறை நடைமுறையில் உள்ளது. தென்னகத்துக்கு அவற்றுள் இரண்டு. இது முன்னேற்றமே. எனினும் ஒரே இரசனைக் கல்வியைப் பெற்றோரே எல்லாக் குழுக்களிலும் அமர்வாராயின், பிராந்தியப் பங்கீடு என்பது மேட்டுக்குடியினருக்கிடையிலான பங்கீடாகவே முடியும். இந்தி மேலாண்மையை எதிர்ப்பது நியாயமானது. ஆனால் தன் பிராந்தியத்தினுள் பறையையும் உடுக்கையையும் வாசலில் நிறுத்திவிட்டு, தில்லியின் வாசலில் நின்று சமத்துவம் கோருவோரின் குரலுக்கு அறவலிமை இராது. தமிழுக்கு எத்தனை விருது என்று கேட்பதோடு, தமிழருள் எவருடைய இசைக்கு என்றும் கேட்கத் தொடங்கும்போதே விருதுகள் பற்றிய நமது விமர்சனம் முழுமை பெறும்.