குறிப்பு திருத்தும் கை

பழைய ஜாவா திட்டத்தின் பில்ட் கருவியை ஆன்ட்டிலிருந்து கிரேடிலுக்கு மாற்றினால், ஜாவாடாக் மல்லுக்கு நிற்கும். ஆன்ட், நாமாகச் சொன்னாலொழிய ஜாவாடாக் பிழைக்காக பில்டை நிறுத்தாது; கிரேடில் நிறுத்திவிடும். 2014-இல் வந்த ஜாவா 8-இன் டாக்லின்ட் சோதனையும் சிறு பிழைகளைக்கூட விடாது. மெத்தடில் பாராமீட்டரின் பெயர் மாறியிருக்கும்; மேலே ஜாவாடாக் குறிப்பில் பழைய பெயரே கிடக்கும். ஒப்பீட்டுக்கு இட்ட < குறியை ஹெச்டிஎம்எல் டேக் என்று நினைத்துப் பிழை காட்டும்.

சோதனையை அணைக்க ஒரே ஒரு ஆப்ஷன் போதும். அதைத் தொடாமல், வரி வரியாக நிரலோடு ஒத்துப்பார்த்துத் திருத்துகிறவரின் பொறுமை மதிப்புக்குரியது. புதிதாக வேலைக்கு வருகிறவர் முதலில் நம்புவது அந்தக் குறிப்பைத்தான். ஆகவே, பில்டை மாற்றும்போது டாக்லின்ட்டை அணைக்காதீர்கள். குறிப்புகளைச் சரிசெய்ய இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.