துக்க வீட்டிலிருந்து புத்தளம் வரை

1989 செப்டெம்பர் 21இல், பல்கலைக்கழக வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில், யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் டாக்டர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது மகள் ஷாரிகா திராணகமவின் முதல் நூல் ‘இன் மை மதர்ஸ் ஹவுஸ்’ (என் தாயின் வீட்டில்) 2011இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மானிடவியல் ஆய்வுதான், எனினும் இழப்போடு வாழும் குடும்பங்களின் கதையாகவே அதை வாசிக்க முடிகிறது.

நமக்கு முக்கியமானது அதில் வரும் வடபுல முஸ்லிம்கள் பற்றிய பகுதி. 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்டவர்களைத் தேடி நூலாசிரியர் புத்தளத்துக்குப் போகிறார். இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறிய பெற்றோருக்கு ஊர் யாழ்ப்பாணம். புத்தளத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு எது ஊர்? ஒரே வீட்டுக்குள் ஊர் இரண்டாவதைப் பொறுமையாகக் கேட்டு எழுதுகிறார். தன் தாயின் மரணத்தைக் காட்டி அவர்களின் துயரை அவர் சிறிதாக்கவில்லை; இரண்டையும் ஒன்றெனக் கலக்கவுமில்லை.

சில பக்கங்களில் கோட்பாட்டு மொழி பேசுபவரின் குரலை மூடிவிடுகிறது. அது குறையே.

வெளியேற்றத்தின் வலியை நாம் எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதவேண்டும். ஆனால் அதே மண்ணில் தாயை இழந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் வீட்டுப் படியை நமது கதைகள் எத்தனை தரம் மிதித்திருக்கின்றன? அந்தப் பிள்ளை நம் முகாம் வாசலுக்கு வந்துவிட்டது.