ஐநூறு சி.சி. மோதல்: யமஹாவா, ஹோண்டாவா?

முதல் பாரிஸ் – டாக்கர் ராலி 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் தொடங்கியது. கிளம்பிய வண்டிகள் 182. டாக்கர் போய்ச் சேர்ந்தவை 74. முதலிடம் சிரில் நெவ்யூ, இரண்டாமிடம் ஜில் கோம்ட். இருவருமே ஓட்டியது யமஹா எக்ஸ்டி 500. 1980-லும் நெவ்யூதான், பைக் பிரிவில் முதல் நான்கு இடங்களையும் எக்ஸ்டியே அள்ளியது. இத்தனைக்கும் ஹோண்டாவின் எக்ஸ்எல் 500 எஸ் 1979-லேயே களத்துக்கு வந்துவிட்டது. தொழில்நுட்பக் கணக்கில் அதுதான் ஒரு படி மேல்.

எஞ்சினைப் பாருங்கள். இரண்டும் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக். எக்ஸ்டிக்கு இரண்டு வால்வு, எக்ஸ்எல்லுக்கு நான்கு. அதிர்வை அடக்க ஹோண்டா இரண்டு பேலன்சர்களையும் வைத்தது. யமஹாவில் அந்த ஏற்பாடே இல்லை. அதிர்வு முழுவதும் கைக்கு வரும்.

ஸ்டார்ட் செய்வதிலும் ஹோண்டாவே சுலபம். கிக்கரை மிதித்தால், சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் தானாக வேலை செய்யும். எக்ஸ்டிக்குப் பக்குவம் தேவை. இடக்கை டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தியபடி கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். சிலிண்டர் ஹெட்டில் உள்ள சின்னக் கண்ணாடியில் குறி தெரிந்ததும் லீவரை விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஒரே மிதி. அரைகுறையாக மிதித்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

அப்புறம் எப்படி யமஹா ஜெயித்தது? ராலியில் வேகத்தைவிட முக்கியம், நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே கிளப்புவது. எக்ஸ்டியில் இருப்பது பழைய பாயிண்ட் இக்னிஷன். உப்புத்தாளால் தேய்த்தே சரிசெய்யலாம். எக்ஸ்எல்லின் சி.டி.ஐ. என்ற மின்னணு இக்னிஷனுக்குப் பராமரிப்பே வேண்டாம். ஆனால் போனால் மாற்றத்தான் வேண்டும். பேலன்சர் செயினையும் அவ்வப்போது இறுக்க வேண்டும். இல்லாத பாகம் பழுதாகாது என்பதே எக்ஸ்டியின் பலம்.

முன்சக்கரத்திலும் ஹோண்டா புதுமை செய்தது: வழக்கமான 21 அங்குலத்துக்குப் பதில் 23. கல்லும் குழியும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் அந்த அளவில் டயர் கிடைப்பது அன்றே அரிது. 1982-ல் வந்த எக்ஸ்எல் 500 ஆர், 21-க்கே திரும்பியது.

எல்லாப் புகழையும் எக்ஸ்டிக்கே எழுதிவிடவும் முடியாது. பிரான்ஸில் யமஹாவை இறக்குமதி செய்த சோனோட்டோ நிறுவனம் ராலியில் முழு மூச்சாக இறங்கியது. அந்த நிறுவனத்தின் ஜான்-குளோட் ஒலிவியே முதல் ராலியில் தாமே பைக் ஓட்டினார். நெவ்யூவும் 1982-ல் ஹோண்டாவில் வென்று காட்டினார். ஆனால் அது எக்ஸ்எல் அல்ல, எக்ஸ்ஆர் 550 என்ற ராலி வண்டி.

கடையில் வாங்கிய வண்டியோடு மணலில் இறங்குவதென்றால் என் ஓட்டு எக்ஸ்டிக்கு. தினமும் அலுவலகம் போய்வர எக்ஸ்எல்தான், கால் தப்பிக்கும்.