சித்தி வீதமும் கல்வியின் மதிப்பும்

எத்தனையாம் இடம், எத்தனை பேர் சித்தி என்ற இரண்டு கேள்விகளால் ஒரு பல்கலைக்கழகத்தின் தகுதியை அளந்துவிடலாம் என்னும் எண்ணம் இன்று ஆசிரியரிடையேயும் மாணவரிடையேயும் வேரூன்றி வருகிறது. இந்த எண்ணத்தால் யாருக்கு நன்மை என்று ஆராய்வது நம் கடமையாகும்.

பரீட்சையே வேண்டாம் என்று நாம் வாதாடவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் பயின்று வருவோர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தாக வேண்டும். நோயாளியின் உயிரைக் காக்க இந்தக் காவல் தேவை. ஆனால், இன்னார் மருத்துவம் செய்யத் தகுதியுடையவர் என்பதே அப்பரீட்சை கூறும் தீர்ப்பு. அவரைப் பயிற்றிய நிலையம் சமுதாயத்துக்கு என்ன செய்தது என்பதை அது கூறாது, கூறவும் இயலாது.

இந்த மயக்கம் புதியதன்று. 1862இல் இங்கிலாந்து அரசாங்கம், வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சித்தியடைந்த பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறையைப் புகுத்தியது. விளைவு என்ன? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனம் செய்தார்கள். மானியம் தராத பாடங்கள் பின்தள்ளப்பட்டன. பள்ளிப் பரிசோதகராகப் பணியாற்றிய மத்தியூ ஆர்னல்டே அதைக் கண்டித்தார். அந்த முறை பின்னர் கப்பலேறி இலங்கையின் உதவி பெறும் பாடசாலைகளையும் வந்தடைந்தது.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. அங்கு பயின்றோர் மதப் பணியை விட்டு உத்தியோகம் நாடுகின்றனர் என்பது அவர்களின் கணக்கு. ஆனால் இரண்டே ஆண்டுகளின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் அந்தச் செமினரியின் மாணவர்களே. அவர்களுள் ஒருவர் நீர்வேலிக்கு அயலூரான சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சித்தி வீதம் பேசுவோர் இதனை வெற்றி என்று கொண்டாடுவர். நாமோ வேறொன்றைக் கேட்கிறோம்: தமிழுலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்தப் பட்டத்துக்காகவா? செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய உழைப்புக்காக அல்லவா? அந்த உழைப்புக்கு எந்தப் பரீட்சையும் புள்ளி இடவில்லை.

சித்தி வீதத்தை உயர்த்த எளிய வழி ஒன்றுண்டு: பின்தங்கியவனை வாசலிலேயே தடுத்து நிறுத்துவது. 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் உருவாகி, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவரானார். அவ்வளாகத்தின் வழிவந்த பல்கலைக்கழகத்துக்கு இன்று வன்னியின் வசதி குன்றிய பாடசாலைகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர். போரால் இடம்பெயர்ந்து, ஆசிரியரில்லா வகுப்பில் அமர்ந்த ஒருவனை ஏற்று ஆளாக்கும் நிலையம், வசதியுள்ளோரை மட்டும் பொறுக்கி எடுக்கும் நிலையத்தைவிடத் தாழ்ந்ததா? மாணவன் எங்கிருந்து புறப்பட்டான் என்று கேளாமல் எங்கு வந்து சேர்ந்தான் என்று மட்டும் கேட்கும் அளவுகோல் நடுநிலையானதன்று. அது வசதி படைத்தோர் பக்கம் சாய்ந்த தராசு.

உலகத் தரவரிசைகளின் இயல்பும் இத்தகையதே. 2003இல் வெளிவரத் தொடங்கிய ஷங்காய்ப் பட்டியல் நூற்றுக்கு 30 புள்ளிகளை நோபல் பரிசுக்கும் ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் ஒதுக்குகிறது. 'நேச்சர்', 'சயன்ஸ்' ஆகிய இரு சஞ்சிகைகளில் வெளியாகும் கட்டுரைகளுக்கு மேலும் 20 புள்ளிகள். இனி நீர்வேலியின் வாழைத் தோட்டத்துக்கு வருவோம். செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்கு இடும் பசளையின் நைத்திரேற்று அதனூடாகக் கசிந்து கிணற்றில் இறங்குகிறது. அதே கிணற்று நீரையே மக்கள் பருகுகின்றனர். இதனை ஆராய்ந்து, கமக்காரனுக்கு விளங்கும் தமிழில் எழுதி, எவ்வளவு பசளை போதும் என்று வரம்பில் நின்று விளக்கும் விரிவுரையாளரால் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் ஒரு படியேனும் ஏறாது. ஆனால் ஒரு கிராமத்தின் குடிநீர் காக்கப்படும்.

பட்டியலின் உச்சியில் இருப்போரே அதனைச் சகிக்கவில்லை. 2022 நவம்பரில் அமெரிக்காவின் யேல், ஹாவார்ட் சட்டக் கல்லூரிகள் ஒரு பிரபல தரவரிசையிலிருந்து விலகின. வறிய மாணவருக்கு உதவுவதையும் பொதுநல வழக்கறிஞரை உருவாக்குவதையும் அது ஊக்குவிப்பதில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அவர்கள் பட்டியலின்றியும் புகழோடு வாழலாம். நம் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆகவே நமக்கென ஓர் அளவுகோலை நாமே வகுத்தாக வேண்டும்.

யாரை உள்ளே சேர்த்தது? அவரை எவ்வளவு தூரம் உயர்த்தியது? தன்னைச் சூழ்ந்த மக்களின் எந்தத் துயருக்கு விடை தேடியது? இலவசக் கல்விக்கு வரி கொடுக்கும் உழைப்பாளிக்கு இக்கேள்விகளைக் கேட்க உரிமையுண்டு. அவன் சார்பில் கேட்பதும், கேட்குமாறு மாணவரைப் பழக்குவதும் ஆசிரியர்களின் பொறுப்பு.