பொய்த்தேவு கண்ட திறனாய்வாளர்

நாவல் புனைவோர் ஒரு திறத்தினர், அதனை மதிப்பிடுவோர் மற்றொரு திறத்தினர் எனப் பிரித்துக் காண்பது வழக்கம். இருதொழிலையும் ஒருவரே மேற்கொண்டவிடத்து, ஒன்று மற்றதற்கு விளக்கமாய் அமைதலுண்டு. க. நா. சுப்ரமண்யம் இதற்குச் சான்றாவார்.

சோழநாட்டு வலங்கைமானில் 1912 ஆம் ஆண்டு பிறந்த அவர், எழுத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். 'சூறாவளி', 'சந்திரோதயம்', 'இலக்கிய வட்டம்' ஆகிய ஏடுகளை நடத்தினார். நோர்வே நாட்டு நுட் ஹாம்சனின் நாவலொன்றை 'நிலவளம்' எனத் தமிழாக்கினார்.

அவர் திறனாய்வின்மேற் சாட்டப்படும் குற்றம் ஒன்றுண்டு. நல்ல நூல்கள் இவையென நிரல்படுத்துவாரேயன்றி, அவை நல்லனவாதற்குக் காரணம் காட்டார் என்பதே அது. ஈழத்தறிஞர் க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலிற் சமுதாய அடிப்படையில் நாவலை ஆராய்ந்தார். அந்நெறி நிற்போர்க்குச் சுவையொன்றையே அளவுகோலாகக் கொள்ளும் முறை வலுவற்றதாகத் தோன்றுதல் இயல்பே. இக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. எனினும், கட்டுரையில் அவர் விரித்துரையாத காரணத்தை அவர்தம் நாவலிற் காணலாம்.

'பொய்த்தேவு' (1946) என்னும் தலைப்புத் திருவாசகச் சொல்லாகும். சாத்தனூர் மேட்டுத்தெருவில் வறுமையிற் பிறந்த சோமு, கோயில் மணியோசைக்கு மனம் பறிகொடுத்த சிறுவன். வளர்ந்து, வணிகத்தாற் பொருளீட்டிச் சோமு முதலியாராகிறான். ஈற்றில் யாவும் துறந்து சோமுப் பண்டாரமாய் மறைகிறான். அவன் பற்றிநின்ற தெய்வங்கள் ஒவ்வொன்றும் பொய்யாய்க் கழிகின்றன.

இலக்கியவுலகிற்கும் பொய்த்தேவுகள் உள. விற்பனை ஒன்று; வாசகர் தொகை மற்றொன்று. கல்கியின் தொடர்கதைகள் பெருஞ்செல்வாக்குப் பெற்ற காலத்தை அடுத்து, க. நா. சு. புதுமைப்பித்தனையும் மௌனியையும் உயர்த்திப் பேசினார். சோமு துறந்தது செல்வத்தை. அவனைப் படைத்தவர் துறந்தது பெரும்பான்மையோரின் பாராட்டை.

புத்தளத்து உப்பளத்தில் நெடுநாள் உழைத்தவன், கையில் அள்ளிய அளவிலேயே உப்பின் தரத்தை அறிவான். எழுதிப் பழகியவரின் சுவையுணர்வும் அத்தகையதே. ஆயினும், உப்பளம் காணாதவனுக்கு அவ்வறிவு எட்டுமாறு காரணங் கூறுதலும் திறனாய்வாளர் கடனன்றோ? அக்கடனை அவர் முற்றத் தீர்த்தாரெனல் அரிது.

1986 ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமிப் பரிசு அவர்தம் திறனாய்வு நூலாகிய 'இலக்கியத்துக்கு ஓர் இயக்கம்' என்பதற்கே கிடைத்தது. 1988 இல் அவர் மறைந்தார். அவர்தம் நிரலை மட்டும் கற்கும் மாணவன் பெயர்களையே பெறுவான். 'பொய்த்தேவை' உடன்வைத்துக் கற்பவனே அந்நிரலின் நியாயத்தையும் பெறுவான்.